அளப்பவர் மாறினால்

மார்ச் 4

அன்புள்ள மருமகளுக்கு,

என் ஆசிகள். கடிதம் நீண்டுவிடுமோ என்ற பயத்தில், எழுதப் போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன். வேண்டாததைத் தாண்டிப் போகலாம்.

1. இங்கே என் உடல்நிலை, அங்கே உன் உடல்நிலை.
2. உன் கேள்வியை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா.
3. பரிசோதனைக்கு யாரிடம் போவது என்பதில் என் அபிப்பிராயம்.
4. அளப்பவர் மாறினால் என்ன ஆகும்.
5. என் சந்தேகங்கள்.

முதலாவது. மூட்டு வலி வழக்கம்போல. காது இன்னும் கொஞ்சம் மந்தம். தொலைபேசியில் யார் பேசினாலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கிறது. ஆகவே நமக்குக் கடிதம்தான். உனக்கு வாந்தி நின்றதா?

இரண்டாவது. உன் கிளினிக்கில் ஒரு டாக்டரும் இரண்டு மருத்துவச்சிகளும் இருக்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் அன்று யார் இருக்கிறாரோ அவரைப் பார்க்கலாம், அல்லது ஒருவரையே கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். என் பிள்ளை கப்பலில் இருக்கிறான், உனக்கு அம்மா இல்லை, அதனால் என்னைக் கேட்கிறாய். சரிதானே?

மூன்றாவது. ஒருவரையே பார்.

நான்காவது. முப்பத்தொரு வருஷம் வானிலை நிலையத்தில் வெப்பமானி பார்த்தவன் நான். ஒரே கருவி, ஒரே இடம், ஒரே மணி. ஆனால் ஒருவர் குனிந்து படிப்பார், ஒருவர் நின்றபடி படிப்பார். நான் விடுப்பில் போனால் மாற்றாக வந்தவர் குறித்த எண்கள் ஒரு படி தாவி நிற்கும். திரும்பி வந்ததும் அந்த வித்தியாசத்தைக் கழித்து எழுதுவது எங்கள் வழக்கம். தாவியது வெயில் அல்ல, கண்.

ஐந்தாவது. வெப்பமானியும் வயிற்றுப் பிள்ளையும் ஒன்றா என்று எனக்கே சந்தேகம். சென்ற தடவை பிள்ளை தங்காமல் போனதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

அன்புடன்,
மாமா


மார்ச் 15

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். வாந்தி நின்றுவிட்டது. இப்போது பசி. கடையில் எல்லோரும் சாப்பாட்டு டப்பாவை என் கண்ணில் படாமல் ஒளித்து வைக்கிறார்கள்.

நீங்கள் எழுதிய நான்காவதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். எங்கள் தையற்கடையிலும் அதே சட்டம்தான். அளவு எடுத்தவள்தான் துணியை வெட்ட வேண்டும். ஒருத்தி நாடாவை இறுக்கிப் பிடிப்பாள், ஒருத்தி தளர்த்திப் பிடிப்பாள். கை மாறினால் ரவிக்கை கெட்டது என்பார் கடைக்கார அக்கா.

எனக்கும் ஒருவரைப் பார்ப்பதுதான் பிடித்திருக்கிறது. போன தடவை ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர். எல்லோரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். கடைசியில் வந்தவரிடமும் முதலிலிருந்து சொன்னேன், அவருக்கு நான் யாரென்றே தெரியவில்லை. அதற்கு மேல் நானும் எழுதப் போவதில்லை.

டாக்டர் அம்மாவைக் கேட்டால் காத்திருக்கவே அரை நாள் போகிறது. மூத்த மருத்துவச்சியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நீங்கள் பயப்பட வேண்டாம், முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவர். கை அவ்வளவு மிருதுவாம், அங்கே வருகிறவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பஞ்சுக்கை. இன்னொருத்தி இளையவள், பேச்சில் பொறுமை கிடையாது, அவள் பெயர் சுடுதண்ணி.

பஞ்சுக்கையின் அறையில் பச்சைத் திரை. அதன் வழியாக வெளிச்சம் குளத்துக்கு அடியில் இருப்பது மாதிரி வரும். அவர் என் வயிற்றில் கை வைத்து அசைவை எண்ண ஆரம்பித்தார். எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. "தூங்கும்மா, நான் எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

உங்கள் பிள்ளையிடமிருந்து ஒரு அஞ்சலட்டை. கடல் நீலமாக இருக்கிறதாம். இதைச் சொல்ல ஒரு அட்டை.

வணக்கங்களுடன்,
உங்கள் மருமகள்


ஏப்ரல் 2

அன்புள்ள மருமகளுக்கு,

ஆசிகள். நான் நலம். உப்பை மட்டும் இருமுறை போட்டுவிடுகிறேன்.

ஒரு வேண்டுகோள். தயக்கமாக இருக்கிறது, பிடிக்காவிட்டால் மறந்துவிடு. ஒவ்வொரு பரிசோதனையிலும் ரத்த அழுத்தத்தையும் வயிற்றின் உயரத்தையும் உன் நோட்டில் குறிப்பார்களாம். அந்த எண்களை எனக்கு எழுதுவாயா? வரைதாள் வாங்கி மேஜைக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன். வேறு விதமாக அங்கே வந்து நிற்க எனக்குத் தெரியவில்லை.

அன்புடன்,
மாமா


மே 20

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் சௌக்கியம், உள்ளே இருக்கிறவரும் சௌக்கியம். மூட்டுக்குத் தைலம் தடவுகிறீர்களா, இல்லை புட்டியைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறீர்களா?

உங்கள் வரைதாளுக்கு: ரத்த அழுத்தத்தின் மேல் எண் மார்ச்சில் 112, ஏப்ரலில் 114, மே மாதத்தில் 116. வயிறு அந்தந்த வாரத்துக்கு உரிய அளவாம்.

பஞ்சுக்கையிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். "மாமனார் கோடு போடறாரா? எங்க வீட்டுக்காரர் என் பிறந்த நாளையே குறிச்சு வைக்கலை" என்றார். அன்றிலிருந்து எண்ணைச் சொல்லும்போதெல்லாம் உங்களுக்கு ஒன்று என்று தனியாக ஒரு தடவை சொல்கிறார்.

மத்தியானங்கள் நீளமாகிவிட்டன. கடை ஜன்னலில் தொங்குகிற துணிகள் காற்றில் மெல்ல அசைவதைப் பார்த்தபடி உட்கார்ந்தால், உள்ளே யாரோ போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு புரண்டு படுக்கிறார்கள். எனக்கும் அவருக்கும் ஒரே தூக்கம். ஒரு நாள் கண் விழித்துப் பார்த்தால், நான் தைத்துக்கொண்டிருந்த பையைக் கடைக்கார அக்காவே முடித்துவைத்திருந்தார். "உன் கனவு கலையற வரைக்கும் வாடிக்கையாளர் நிப்பாங்களா?" என்றார். ஆனால் தலைக்குக் கீழே துணி மடித்து வைத்ததும் அவர்தான்.

வணக்கங்களுடன்,
உங்கள் மருமகள்


ஜூன் 24

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நலமா? நான் நலம்தான், ஒரு குழப்பத்தைத் தவிர.

பஞ்சுக்கையின் தங்கைக்கு உடம்பு சரியில்லை, அவர் ஊருக்குப் போய்விட்டார். ஜூலை 8ஆம் தேதிதான் வருகிறார். நேற்று சுடுதண்ணியிடம் போக வேண்டியதாயிற்று. உட்காருவதற்குள், "முகம் எப்பலேர்ந்து இப்படி இருக்கு?" என்றாள். என் முகம் இப்படித்தான் என்றேன். அவள் சிரிக்கவில்லை. மோதிரம் ஏன் கழுத்துச் சங்கிலியில் தொங்குகிறது என்றாள். விரலில் ஏறவில்லை, அதனால். மேல் எண் 138. திரும்ப ஒரு தடவை அளந்தாள், 138. ஒரு வாரம் கழித்து, 30ஆம் தேதி, கட்டாயம் வர வேண்டுமாம், வேறு சோதனையும் செய்ய வேண்டுமாம். இன்னும் என்னென்னவோ மடமடவென்று அடுக்கினாள். பயத்தில் பாதி காதில் விழவில்லை.

மாமா, இந்த மாத ஆரம்பத்தில் பஞ்சுக்கை பார்த்தபோது 118. அவர் முகத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லையே. 30ஆம் தேதி இவளிடம் போகவா, அவர் வரும்வரை இருக்கவா? நீங்கள் சொன்னபடி செய்கிறேன்.

நேற்றுச் சாயங்காலத்திலிருந்து ஒரு வேடிக்கை. கண்ணை மூடினால் ஜிகினாத் துணியை உதறின மாதிரி சின்னச் சின்ன வெளிச்சங்கள். திறந்தாலும் கொஞ்ச நேரம் சுவரில் மிதக்கின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ராத்திரி பகலெல்லாம் ஊசிக்குள் நூல் கோத்த கண், வேறென்ன.

வணக்கங்களுடன்,
உங்கள் மருமகள்


ஜூன் 27

அன்புள்ள மருமகளுக்கு,

ஆசிகள். உன் கடிதம் இன்று காலை வந்தது. உடனே எழுதுகிறேன்.

1. எண்கள். 112, 114, 116, 118. இது ஒரு கண். 138 வேறொரு கண். மூன்றே வாரத்தில் இருபது ஏறுவதை என் வரைதாள் நம்ப மறுக்கிறது. பத்து, அளந்தவர் மாறியதால். பத்து, நீ அவளைக் கண்டு பயந்ததால். இருபதைக் கழித்துக்கொள்.

2. முகம். மாதா மாதம் பார்த்த பஞ்சுக்கைக்குத் தெரியாதது, முதல் தடவை பார்ப்பவளுக்கு எப்படித் தெரியும்? உன் பழைய முகத்தை அவள் பார்த்ததே இல்லையே.

3. ஜிகினா. வெயிலில் நின்று கருவிகளைப் பார்த்துவிட்டு அறைக்குள் நுழைந்தால் எனக்கும் அப்படி மிதக்கும். கண்ணுக்கு ஓய்வு கொடு.

4. நான் மருத்துவன் அல்ல. இதை முதலில் எழுதியிருக்க வேண்டும். ஆனாலும் கேட்டாய், சொல்கிறேன். பஞ்சுக்கை வரும்வரை இருக்கலாம் என்றே தோன்றுகிறது. எட்டு நாள்தானே வித்தியாசம்.

கோடு இப்போது காலை நேரத்து மலைச்சரிவு போலிருக்கிறது. சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தால், யாரோ சின்னக் கால்களை வைத்து அதன் மேல் நிதானமாக ஏறி வருவது தெரிகிறது. 138ஐ இன்னும் குறிக்கவில்லை. பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மாமா


ஜூலை 11

அன்புள்ள மருமகளுக்கு,

ஆசிகள்.

1. நலமா?
2. பஞ்சுக்கை வந்துவிட்டாரா? என்ன எண் சொன்னார்?
3. நலமா?

நம் ஊர்களுக்கு இடையே தபால் மூன்று நாள். என் கடிதம் உனக்கு 30ஆம் தேதி காலை கிடைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து எதுவும் இல்லை. வேலை அதிகமாக இருக்கும். நான் அவசரப்படுத்தவில்லை.

அந்தப் பென்சில் புள்ளி மட்டும் தாளில் தனியாக, கோட்டுக்கு மேலே நிற்கிறது. எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அது தெரிகிறது.

அன்புடன்,
மாமா


ஜூலை 16

அன்புள்ள மருமகளுக்கு,

தபால் நிலையத்திலிருந்து உன் தையற்கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். ஒரு பெண் நிறையச் சொன்னார். எனக்கு "ஆஸ்பத்திரி" என்ற ஒரு சொல்தான் கேட்டது. மறுபடி கேட்டேன், அவர் மறுபடி சொன்னார். மறுபடியும் அந்தச் சொல்தான். பின்னால் நின்றவர்கள் முனக ஆரம்பித்ததும் வைத்துவிட்டேன். வைத்திருக்கக் கூடாது.

ஒரு வரி போதும். யார் கையெழுத்திலாவது. வரும் திங்களுக்குள் வரவில்லையென்றால் நான் ரயிலேறிவிடுவேன்.

மாமா


ஜூலை 19

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். முதலில் முதல் செய்தி. உங்களுக்குப் பேத்தி. ஜூலை 5ஆம் தேதி காலை. ஆறு வாரம் முன்னதாக வந்துவிட்டாள், ஒரு கிலோ எண்ணூற்றைம்பது. கண்ணாடிப் பெட்டிக்குள் பன்னிரண்டு நாள் இருந்தாள், முந்தாநாள்தான் என் பக்கத்தில் போட்டார்கள். நான் உயிரோடு இருக்கிறேன். எழுத முடியாமல் போனதற்கு மன்னியுங்கள், நேற்றுவரை எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன.

நடந்தது இதுதான். 30ஆம் தேதி நான் கிளினிக்குக்குப் போகவில்லை. கடையில் வேலை நெருக்கடி, மறந்துவிட்டேன். 4ஆம் தேதி சாயங்காலம் கதவு தட்டுகிற சத்தம். சுடுதண்ணி, சைக்கிளோடு. அன்றைக்கு வேலை முடிந்து நோட்டுகளைப் புரட்டியபோது என் பெயருக்கு எதிரே காலியாக இருந்ததாம்.

"ஏன் வரலை?"

"மறந்துட்டேன்."

"பொய் சொல்லாதே. தலை வலிக்குதா?"

வலித்தது, மூன்று நாளாக. ஜிகினாவைப் பற்றியும் சொன்னேன். அழகாக இருக்கும் என்றுகூடச் சொன்னேன் போலிருக்கிறது. அவள் முகம் மாறியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. "செருப்பைப் போடு" என்றாள். கைக்குக் கிடைத்ததை ஒரு பையில் வாரிப் போட்டாள், வண்டி பிடித்தாள், பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் என் கையை விடவில்லை. அவள் கை மிருதுவே இல்லை மாமா.

அதற்குப் பிறகு எனக்கு நினைவு தண்ணீருக்குள் போன மாதிரிதான். விளக்குகள் தலைக்கு மேலே ஒவ்வொன்றாக நகர்ந்து போயின. மேல் எண் 176 என்று யாரோ சொன்னார்கள். உங்கள் தாளில் அவ்வளவு உயரத்துக்கு இடம் இருக்குமா என்று நினைத்தேன். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் இரண்டு பேருக்கும் கஷ்டம் என்று டாக்டர் அம்மா பிறகு சொன்னார்.

பஞ்சுக்கை ஊரிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "உன் முகம் கொஞ்சம் கொஞ்சமா மாறினதை நானும் கூடவே பார்த்துக்கிட்டு வந்திருக்கேன். அதான் எனக்குத் தெரியலை" என்றார். ரொம்ப நேரம் அழுதார். நான்தான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

சொல்ல மறந்தேன். உங்கள் ஜூன் 27 கடிதம் என் கைக்கு நேற்றுத்தான் வந்தது. தபால்காரர் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறார், அவர்கள் அலமாரியில் வைத்து மறந்துவிட்டார்கள். அதனால் நீங்கள் எதையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ரயிலேற வேண்டாம், உங்கள் மூட்டு தாங்காது. உங்கள் பிள்ளை அடுத்த மாதம் வருகிறார்.

வணக்கங்களுடன்,
உங்கள் மருமகள்


ஆகஸ்ட் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். ஒரு வாரமாகிறது வந்து. இருவரும் நலம். பிள்ளை இரண்டரைக் கிலோவைத் தாண்டிவிட்டாள். என் உள்ளங்கையில் படுக்க வைத்தால் கால் மட்டும் மணிக்கட்டுக்கு வெளியே வருகிறது. கப்பலில் எவ்வளவோ பாரம் தூக்கியிருக்கிறேன், இப்படிப் பயந்து தூக்கியதில்லை.

ஜூலை 4ஆம் தேதி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போன பை, அன்று கட்டின கட்டு பிரியாமல் மூலையில் கிடந்தது. அதைத் திறக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லையாம். நான்தான் நேற்றுத் திறந்து துவைக்கப் போட்டேன். அவள் பரிசோதனை நோட்டுக்குள் உங்கள் கடிதம் ஒன்று மடித்து இருந்தது, ஜூன் மாதத்து. பின்பக்கம் அவள் கையெழுத்தில் பென்சில் கணக்கு: 138இல் 20 போனால் 118, அடியில் இரண்டு கோடு. என்ன கணக்கப்பா அது? அவளைக் கேட்டேன், பழைய அளவு என்றாள்.

அவள் கேட்கச் சொன்னாள்: பிள்ளைக்கு மாதா மாதம் பார்க்க வேண்டும். பஞ்சுக்கையிடம் போவதா, சுடுதண்ணியிடம் போவதா? நான் யாராயிருந்தாலென்ன என்றேன். "உங்களுக்கென்ன தெரியும், மாமாவைக் கேளுங்க" என்று அதட்டினாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிள்ளை


ஆகஸ்ட் 16

அன்புள்ள மருமகளுக்கு,

உனக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். நான் நலம். இந்தக் கடிதம் மூன்று முறை எழுதிக் கிழித்து நான்காவதாக எழுதுவது. வரிசை எண்கள் எதிலும் ஒழுங்காக நிற்கவில்லை, ஆகவே விட்டுவிட்டேன்.

தபால் தாமதமானதைப் பற்றி எழுதியிருந்தாய். தபால்காரர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பக்கத்து வீட்டார் மேலும் இல்லை. அவர்களை நீயும் ஒன்றும் கேட்டுவிடாதே.

என் பிள்ளை ஒரு கணக்கைப் பற்றிக் கேட்டிருந்தான். அது என் கணக்கு என்று மட்டும் அவனிடம் சொல்.

நேற்றுத்தான் வரைதாளில் 138ஐப் பேனாவால் குறித்தேன். பிறகு 176. அதற்குத் தாளில் இடம் இல்லை, மேலே இன்னொரு தாளை ஒட்ட வேண்டியிருந்தது. இரண்டையும் இணைத்துக் கோடு போட்டேன். முழுக் கோட்டையும் எதிரே வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். இதில் கழிப்பதற்கு எதுவும் இல்லை. ஆரம்பத்திலிருந்தே இருந்ததில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். இந்த முறையும் என்னையே கேட்டாய். அதை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. நேற்றிலிருந்து அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இருவரிடமும் மாறி மாறிக் காட்டு. பஞ்சுக்கை உன்னை அறிந்தவர், அவரிடம் நீ முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. அது பெரிய விஷயம், அதை விட்டுவிடாதே. ஆனால் ஒன்றுவிட்டு ஒரு மாதம் மற்றவளிடம் போ. அவள் என்ன எண் சொன்னாலும் அதே எண்ணை எழுதிக்கொள். அதட்டினால் அதட்டட்டும். என் வணக்கத்தை அவளிடம் சொல். கதவைத் தட்டியதற்கு என்று காரணம் சொல்ல வேண்டாம், அவளுக்குத் தெரியும்.

இருவரும் வேறு வேறு சொல்கிற நாளில் என்னை எழுதிக் கேட்காதே. உடனே டாக்டர் அம்மாவிடம் போ.

மார்ச் மாதத்தில் உனக்கு ஐந்து குறிப்புகள் எழுதினேன். ஒவ்வொன்றாகத் திரும்ப யோசித்துப் பார்த்தேன். முதல் இரண்டும் சரி. ஒருவரையே பார் என்ற மூன்றாவது பாதி சரி. ஐந்தாவதில் என் சந்தேகங்கள் என்று எழுதியிருந்தேன், அவற்றை நான் இன்னும் கொஞ்சம் நம்பியிருக்கலாம்.

அளப்பவர் மாறினால் கழித்துக்கொள் என்ற நான்காவது தவறு.

அன்புடன்,
மாமா